மை வைக்காத பிள்ளை

யாரையும் படுக்க வைக்காத தொட்டில் ஒன்று, உள்ளே பிள்ளை இருப்பதுபோல் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்காம்பராவின் குறுக்குமரத்தில் வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில், சமையல் மூலையை ஒட்டிய கடைசித் தொட்டில் அது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகள் குறைந்துபோனதால் சில மாதங்களாகச் சும்மாதான் கிடந்தது. காலித் தொட்டில் என்றால் இரண்டு பக்கத் துணியும் ஒட்டிக்கொண்டு தட்டையாகத் தொங்க வேண்டும். இதுவோ அடிப்பக்கம் புடைத்து, பாரத்தில் மெல்லச் சுழன்றது. மேலே முடிச்சு கிறீச் கிறீச் என்று மரத்தில் உராய்ந்தது.

யாராவது துணிமணியைப் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்து வேலாயி கையை உள்ளே விட்டாள். ஒன்றுமில்லை. துணி மட்டும் இளஞ்சூடாக இருந்தது, அப்போதுதான் ஒரு பிள்ளையைத் தூக்கியது போல. கையை எடுத்துக்கொண்டு அடுப்புவரை நடந்து திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் கனத்துத் தொங்கியது.

"எல்லாம் அந்த மாத்திரை செய்ற வேல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அந்த மாத்திரையைத் திட்டவும் அவளுக்கு வாய் வராது. போன மழைக்காலத்தில் நிறைந்த கூடையோடு மலையில் வழுக்கி, கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் மல்லாக்க விழுந்தவள் அவள். முதுகெலும்பில் பட்ட அடி. பதுளை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகும் குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரைதான் அவளைக் காலில் நிற்க வைத்தது. மலையேற முடியாதவள் என்று தோட்டத்தில் இந்தப் பிள்ளை பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். கொடுத்த அன்றைக்கே கங்காணி வீரசிங்கம், "இதுவும் முடியாதுன்னா அப்பறம் வீட்டுலதான் குந்தணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வீட்டில் குந்தினால் நாலு சுவரைத்தான் பார்க்க வேண்டும். இங்கே வந்த பிறகு பிள்ளைகள் அவள் மடியில் ஏறி மிதித்தார்கள், மூக்கைப் பிடித்து இழுத்தார்கள், அவள் சேலையிலேயே மூத்திரம் பெய்தார்கள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதற்காக மாத்திரையின் தொல்லைகளை ஒவ்வொன்றாகச் சமாளித்தாள். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பக்கத்திலேயே செம்பில் தண்ணீர். வயிறு கல்லாகிவிடும். அதற்குப் பப்பாசிப்பழம், காலையில் வெந்நீர், பிறகு முருகன் விட்ட வழி. மூக்கு நுனியும் முழங்கையும் ஓயாமல் அரிக்கும். அதற்கு வேப்பிலைத் தண்ணீர். தூக்கம்தான் பெரிய வில்லங்கம். உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கிவிடும். சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்ந்து, கையில் இரும்பு அகப்பையைப் பிடித்துக்கொள்வாள். கண் செருகினால் அகப்பை கைநழுவிச் சிமெந்துத் தரையில் விழும், அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்வாள். பிள்ளைகளும் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

ஆனால் இல்லாதது தெரிவதற்கு என்ன செய்வது? அதற்கு அவளிடம் கைமருந்து இல்லை. அடுத்த நாள் காலித் தொட்டிலில் பிள்ளை அழுதது. பெரிய அழுகையல்ல, பிறந்த குழந்தையின் பூனைக்குரல். புளித்த பால் வாடையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைக்குப் போனபோது மருந்துக்கடை ஷுக்ரியிடம் சொன்னாள். அவர் மாத்திரை உறையை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"இது கடுமையான மருந்து அக்கா. சில பேருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேக்கும். கிளினிக் நாள் வாறவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வாணாம். நாளைக்கே போய் டொக்டருக்கிட்ட சொல்லுங்க. நீங்களா டக்கெண்டு நிப்பாட்டவும் வாணாம்."

"அதுவரைக்கும் என்னா செய்றது மொதலாளி? பயமா இருக்கே."

"இல்லாததுண்டு தெரிஞ்சா பயப்பட என்ன இருக்கு? ஆனா நீங்க புள்ளைகள வெச்சுக்கொண்டு இருக்கிறீங்க. கட்டாயம் சொல்லோணும், சரியா?"

மனிதர் சொன்னதில் தனக்குத் தோதான பாதியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு அவள் பஸ் ஏறினாள். டாக்டரிடம் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். இல்லாததை இல்லாதது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தால் போதும்.

வழி அன்றிரவே கிடைத்துவிட்டது. கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளைகளின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பது தாய்மாரின் வழக்கம், சிலர் அவசரத்தில் மறந்தும் போவார்கள். இனி அந்த மையைத் தானே வைப்பதென்று வேலாயி முடிவு செய்தாள். தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கின கையோடு, தொட்டிலில் போடுமுன், வலது கன்னத்தில் ஒரு பொட்டு. மை இருந்தால் பெற்ற பிள்ளை. மை இல்லையென்றால் மாத்திரை பெற்ற பிள்ளை. அதைத் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, அழுதாலும் ஏனென்று கேட்கக்கூடாது. இவ்வளவு சுலபமான விசயத்துக்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"என்னாக்கா இது, காசு அளவுக்கு மை வைக்கிறீங்க?" என்று தாய்மார் கேலி செய்தார்கள். "எங்க புள்ளைங்கள கண்ணு வைக்க யாரு இருக்கா இந்த மலையில?"

"இருக்கட்டும் புள்ள. வச்சா நல்லதுதானே."

துஷாந்தின் தாய் ஜெயந்தினி மட்டும் கேலி செய்யவில்லை. முதல் பிள்ளையைத் தொப்புள்கொடி காயுமுன் பறிகொடுத்தவள் அவள். பல வருசம் கோவில் கோவிலாக நடந்து பெற்றவன் துஷாந்த். இப்போதுதான் உட்காரப் பழகியிருந்தான். பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம் நெருங்கினாலும் அவனை வேலாயியின் கையில் கொடுத்து, மை வைத்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"ஒங்க கையில குடுத்தாத்தான்க்கா மலையில எனக்கு கை ஓடுது," என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் வேலாயிக்குக் கண் கலங்கிவிடும். இந்தப் பிள்ளைக்கு ஒரு குறை வரவிடக்கூடாது, சாயந்தரம் வாங்கினபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் சாமியிடம் வேறெதுவும் கேட்பதில்லை.

மை வேலை செய்தது. கடைசித் தொட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டபோது அவள் பதறவில்லை. அந்தக் கை விரல்களை விரித்து மடக்கி, விரித்து மடக்கி, காற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. பிறகு துணி விலகி முகம் தெரிந்தது. வெளிறிய முகம், வெறும் கன்னம். மை இல்லை. வேலாயி முக்காலியைத் திருப்பிப் போட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, திரிபோஷா சத்துமாவைச் சீனி போட்டுப் பிசைந்து பெரிய பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்தாள்.

அழுகையைத்தான் சகிக்க முடியவில்லை. முதலில் பூனைக்குரலாக இருந்தது நாளாக நாளாக முதிர்ந்தது. பசி அழுகை வந்தது. வலி அழுகை வந்தது. ஒருநாள் துஷாந்த் போலவே, முதலில் இரண்டு விக்கல், பிறகு மூச்சை உள்ளிழுத்து வீறிடல் என்று அச்சு அசலாக வந்தது. ஓடிப்போய் துஷாந்தின் தொட்டிலைப் பார்த்தாள். கன்னத்து மையோடு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அழுகை அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை இவ்வளவு நன்றாகவா பார்த்துப் பழகும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அவள் அப்படியே அமுக்கிவிட்டாள்.

இப்படி அமுக்கி அமுக்கித்தான் பழக்கம் வந்தது. அழுகை கேட்டால் முதலில் மை. மை இல்லையென்றால் காது கேளாதவள் போல் இருந்துவிடுவாள். பிள்ளை அழுதால் பதறி ஓடும் அந்தப் பதற்றமே அவளுக்குள் மெல்ல மரத்துப்போனது. அதை அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான டீச்சர் பயிற்சிக்காகப் பதுளைக்குப் போயிருந்தாள். புதன்கிழமை விடியும்போதே மூடுபனி மலையிலிருந்து இறங்கி பிள்ளைக்காம்பராவின் வாசல்வரை வந்து நின்றுகொண்டது. ஈரம் தேயிலை வாடையோடு சுவரில் வழிந்தது. குளிரென்று பல தாய்மார் பிள்ளைகளை லயத்து வீடுகளிலேயே விட்டுவிட்டார்கள். தொட்டிலில் துஷாந்த் ஒருவன்தான். பாயில் நாலைந்து பெரிய பிள்ளைகள். ஈரத்துக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்ததால், சாப்பிட வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே வேலாயி இன்னொரு மாத்திரையை விழுங்கியிருந்தாள்.

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் பால் கொடுக்க ஜெயந்தினி வந்தாள். வேலாயி பின்கட்டு வெந்நீரடுப்பில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மூக்கு ஒழுகுதுக்கா இவனுக்கு. ஒடம்பும் லேசா சுடுது," என்று ஜெயந்தினி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வெந்நி இருக்கா?"

"செம்புல இருக்கு, எடுத்துக்க புள்ள."

புகை கண்ணைக் கரித்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும் துஷாந்தின் சிணுங்கலும் கேட்டன. பிறகு ஜெயந்தினியின் தாலாட்டு. பிறகு, "வாறேன்க்கா, கங்காணி கத்துவாரு." அடுப்பு பற்றிக்கொண்டபோது வேலாயி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பனி சன்னலில் அப்பியிருந்தது. தொட்டில் முடிச்சுகள் இரண்டும் ஒன்று மாற்றி ஒன்று கிறீச்சிட்டன.

அகப்பை விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் விழித்துக்கொண்டாள். கை காலியாக இருந்தது. அகப்பை மேசைமேல் இருந்தது. யாரோ அதை அவள் விரல்களிலிருந்து பதமாகக் கழற்றி, சத்தம் வராமல் எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

இரண்டு விக்கல். உள்மூச்சு. வீறிடல். எவ்வளவு நேரமாக அழுகிறதோ, குரல் கட்டியிருந்தது. அவள் எழுந்தாள். தலை சுற்றியது. துஷாந்தின் தொட்டிலை விலக்கிப் பார்த்தாள்.

உள்ளே கிடந்த பிள்ளையின் முகம் சிவந்து வீங்கியிருந்தது. மூக்கு ஒழுகி வாய்க்குள் இறங்கியிருந்தது. அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டியது. வலது கன்னம் வெறுமையாக இருந்தது. இடது கன்னத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். எங்கும் மை இல்லை.

அப்படியானால் துஷாந்த் எங்கே?

கடைசித் தொட்டில் அசையாமல் தொங்கியது. போய் விலக்கினாள். துஷாந்த் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகவில்லை. முகம் தெளிவாக இருந்தது. வலது கன்னத்தில் மை. அப்போதுதான் வைத்ததுபோல் ஈரமாக, கறுப்பாக.

இடம் மாறிவிட்டது. அந்தச் சனியன் என் பிள்ளையின் தொட்டிலில் ஏறிக்கொண்டு, என் பிள்ளையை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது. அவளுக்கு அப்படித்தான் புரிந்தது. தூங்கியவனை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். காலையில் வாங்கியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தான். உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியடைந்தாள். முக்காலியை இழுத்து வாசல் பக்கம் போட்டு, அழுகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அழுகை நிற்கவில்லை. கெஞ்சியது. வீறிட்டது. இருமியது. பாயிலிருந்த பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார்கள். வேலாயி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்த தாலாட்டைப் பாடினாள். ஒருமுறை களகளவென்று ஒரு சத்தம், பால் கக்கும் சத்தம்போல. அவள் உடம்பு தானாக எழப் பார்த்தது. உட்கார் என்று தன்னைத்தானே அதட்டினாள். மை இல்லை. மை இல்லை.

பிறகு ஓய்ந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதல். இப்போதுதான் முதன்முறையாக அது தோற்றுப்போயிருக்கிறது. மடியில் இருந்தவனை ஆட்டிக்கொண்டே வெளியே வெள்ளையாகக் கிடந்த பனியைப் பார்த்திருந்தாள். நேரம் போனதே தெரியவில்லை. பெரிய பிள்ளைகளில் ஒருத்தி, பேசப் பழகும் வயதுச் சிறுமி டிலானி, மெல்ல வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறுமியின் கன்னத்தில் மை இருந்தது.

"ஆயா," என்றாள். துஷாந்தின் தொட்டிலைக் காட்டினாள். "அந்தப் பாப்பா தூங்கிருச்சு."

வேலாயியின் தாலாட்டு நின்றது.

சிறுமி அவள் மடியைக் காட்டினாள். "இந்தப் பாப்பா முழிச்சிருக்கு."

குனிந்து பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அவள் முகத்தை ஒவ்வொரு இடமாக, மெதுவாக, மனப்பாடம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன. புளித்த பால் வாடை குப்பென்று வந்தது.

இவளுக்கும் தெரிகிறது. இந்தச் சிறுமிக்கும். மாத்திரை விழுங்காதவளுக்கும்.

வேலை முடியும் சங்கு ஊதியது. பனிக்குள் பேச்சுக் குரல்கள். தாய்மார் ஈரக் காலோடு உள்ளே வந்தார்கள். கொழுந்து நிறுத்த கதை, அட்டை கடித்த கதை, சிரிப்பு. பாயிலிருந்த பிள்ளைகளை ஆளுக்கொருத்தராகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். டிலானியும் போய்விட்டாள். வேலாயி எழுந்து துஷாந்தின் தொட்டிலைப் பார்க்க வேண்டும். எழ முடியவில்லை. மடி கனத்தது.

கடைசியாக ஜெயந்தினி வந்தாள். தலையில் மாட்டிய வெறுங்கூடையோடு கையை நீட்டினாள். மடியில் இருந்தது சிரித்துக்கொண்டே அவளிடம் தாவியது.

"அட, எங்கண்ணுக்கு காய்ச்சல் விட்டிருச்சு! ஒடம்பு ஜில்லுன்னு இருக்கு." முகத்தை முகத்தோடு வைத்துத் தேய்த்தாள். பிறகு கன்னத்தைப் பார்த்தாள். "என்னாக்கா, மூஞ்சி கழுவுறப்ப மைய நான் தொடச்சிட்டேனே. திருப்பி வச்சீங்களா?"

வேலாயியின் கண் அந்த ஈர மையிலேயே இருந்தது.

"நீங்க இருக்கிறதாலதான்க்கா எனக்கு நிம்மதி," என்று சொல்லிவிட்டு ஜெயந்தினி மழைக்குக் கட்டியிருந்த படங்குச் சாக்கை விரித்துப் பிள்ளையைப் போர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் தோளுக்கு மேல் அந்த முகம் திரும்பி, வேலாயியைப் பார்த்தபடியே போனது.

அறையில் ஒரு முடிச்சு மட்டும் கிறீச்சிட்டது.

நடந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள். துஷாந்தின் தொட்டில் கனத்துத் தொங்கியது. இது மாத்திரை. கையை விட்டால் ஒன்றும் இருக்காது. துணி மட்டும்தான் இருக்கும். முருகா, துணி மட்டும் இருக்கட்டும். கையை விட்டாள்.

துணி மட்டும் இல்லை.

தூக்கினாள். தலை அவள் கைமேல் சாய்ந்து தொங்கியது. உதட்டோரத்தில் பால். இமை மயிரில் கண்ணீர் இன்னும் காயவில்லை. கன்னத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கருகே காதை வைத்தாள். ஊதினாள். உலுக்கினாள். பெயரைச் சொன்னாள். காலையில் வாங்கிய அதே கனம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கு ஓடினாள். கீழே லயத்துக்குப் போகும் பாதையில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. மதகுக் கட்டில் ஜெயந்தினி உட்கார்ந்திருந்தாள். கூடையை இறக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள். வேலாயி கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். ஜெயந்தினி திரும்பவில்லை.

ஜெயந்தினி தன் சட்டையின் ஊக்கைக் கழற்றினாள். படங்குக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து, விரல்களை விரித்து, அவள் மார்பைப் பற்றிக்கொண்டது. ஜெயந்தினி தலையைக் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தாள்.